பீரோவின் மேல்தட்டு

ஆபீஸில் எனக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியாமலும் இல்லை. வாகனப் பதிவு அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிவிடுவேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கியபோது அவரையே மூன்று தடவை வரிசையில் நிற்க வைத்தேன். மூன்றாம் தடவை அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏம்மா, உங்க வீட்டு அட்ரஸ்தான் என் வீட்டு அட்ரஸும். இதுக்குமா அத்தாட்சி வேணும்?" என்று கேட்டார். வேணும் என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை என்ன செய்தது என்பதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அப்பாவுக்கும் காகிதத்துக்கும் ஆகவே ஆகாது. மின்சார பில்லை மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். அதனால் வீட்டில் இருந்த காகிதமெல்லாம் பதினாறு வயதில் என் கைக்கு வந்துவிட்டது. தம்பியின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல், பிறகு அவனுடைய முதல் பாஸ்போர்ட், எல்லாம் என் பீரோவின் மேல்தட்டில்தான். எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் நீட்டி, "அக்கா, வை" என்பான். அதோடு அவன் கவலை தீர்ந்தது. பள்ளியில் சேர்க்கும் நாளிலும் பாஸ்போர்ட்டுக்குப் போன நாளிலும் எது எப்போது வேண்டுமோ அதை நானே எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்து அனுப்புவேன். கல்யாணமாகி நான் வந்தபோது பீரோவும் கூடவே வந்தது. என்னிடம் கொடுத்த காகிதம் எதுவும் இதுவரை தொலைந்ததில்லை.

தம்பி ஒன்பது வருடம் வெளிநாட்டில் டிரைவராக இருந்தான். நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் கம்பெனி. வேனின் பின்பக்கம் ஒரு தட்டு கீழே இறங்கும். சக்கர நாற்காலியை அதில் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் ஆளோடு மேலே ஏறி உள்ளே போய்விடும். அவன் போகும்போது மகளுக்கு இரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போவான். போன தடவை வந்த மறுநாளே அந்தப் பெண் அவனிடம், "எப்ப கிளம்பறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். கோபத்தில் கேட்கவில்லை. விருந்தாளியிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். அதுதான் அவனை உலுக்கிவிட்டது.

கம்பெனி பழைய வேன்களை விற்றபோது, தான் கடைசி மூன்று வருடம் ஓட்டிய வேனையே வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்து சேர்ந்தான். வந்த அன்று என்னிடம் சொன்னான்: "இந்த ஊர்லயும் நடக்க முடியாதவங்க இருக்காங்கக்கா. அவங்களுக்கு இந்த மாதிரி வண்டி ஒண்ணுகூட இல்ல. இது ஓடினா நான் இங்கயே இருந்துடுவேன். ஓடலன்னா திரும்ப அங்கதான். எனக்கு வேற வேலை எதுவும் தெரியாது."

அவன் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவன் மனைவி ஆசைப்பட்டாள். அவளைவிட ஒரு படி அதிகமாக நான் ஆசைப்பட்டேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வெளிநாட்டில் ஓடிய வண்டியை இங்கே பதிவு செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் சட்டப்படி வண்டிக்கு ஐந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் சரியான பக்கம் இருக்க வேண்டும். சுங்க வரி கட்டிய ரசீது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த நாட்டுப் பதிவு ரத்தாகிவிட்டது என்று அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். அதுவும் அசல், நகல் ஆகாது. ஒரே வண்டி இரண்டு நாட்டில் உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. துறைமுகத்தை விட்டு வெளியே வந்த நூற்றெண்பது நாளுக்குள் இதெல்லாம் முடியாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் உடைக்கக் கொடுக்க வேண்டும். இந்த விதியை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வேன் துறைமுகத்துக்கு வந்த வாரம் தம்பி என் வீட்டுக்கு வந்தான். கையில் ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கட்டு. ஒன்பது வருட வேலைச் சான்றிதழ்கள் மேலே தெரிந்தன. கீழே பழுப்பு நிறத்தில் ஓர் உறையின் விளிம்பு.

"அக்கா, வை," என்று நீட்டினான். பிறகு, "இதுல வண்டியோட..." என்று ஆரம்பித்தான்.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "வண்டியைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. உன் ஃபைல் என் ஆபீசுக்குத்தான் வரும். நீ ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு கேட்டு, நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக்கூடாது. புரியுதா?"

அவன் சிரித்தான். "புரியுதுக்கா."

நான் காரணமில்லாமல் பயப்படவில்லை. எங்கள் ஆபீஸில் ஒருவர் மச்சானின் லாரிக்கு ஒரு கையெழுத்து முன்னே பின்னே போட்டு, வேலையே போய்விட்டது. அவரை உட்கார வைத்து விசாரித்த அறையில் குறிப்பு எழுதியவள் நான். அதனால் அன்று அந்தக் கட்டை வாங்கி, ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாமல் மேல்தட்டில் வைத்தேன். எந்தக் காகிதத்தையும் பிரித்து, கடைசி வரி வரை படிக்காமல் நான் உள்ளே வைத்ததில்லை. அன்று மட்டும் வைத்தேன். பார்க்காமல் இருப்பதுதான் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபைல் வந்ததும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த தம்பி, இதை வேறு ஒருவர் பார்க்கட்டும். ஃபைல் எதிர்மேஜைக்குப் போயிற்று. எதிர்மேஜையில் இருப்பவர் குடைக்காரர். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நல்ல மனிதர், யாருடைய மனமும் நோகாமல் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்.

சோதனைக்கு வேன் வந்த அன்று ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் ஒரே கூட்டம். வெள்ளை வேன், கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தான். இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்களை எடுத்தார். அது காகிதங்களில் இருந்த எண்ணோடு அச்சு அசலாக ஒத்துப்போயிற்று. விளக்கு சரி, பிரேக் சரி, புகை சரி. கடைசியில் தம்பி அந்தத் தட்டை இறக்கி, குடைக்காரரையே அதில் நிற்க வைத்துப் பொத்தானை அழுத்தினான். குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி அவர் மேலே போனார். மாடி ஜன்னலில் நின்று பார்த்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது பார்த்துத் தொலைக்கப் போகிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு மேஜைக்கு வந்தேன்.

அதன் பிறகு வேன் அவன் வீட்டுச் சந்தில், சுவரோடு ஒட்டி நின்றது. பதிவு எண் வராமல் ஓட்ட முடியாது. ஆனால் அவன் மகள் அதற்குள்ளேயே குடியேறிவிட்டாள். பள்ளி விட்டு வந்ததும் பின் சீட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொள்வாள். எழுதி முடித்தால் அந்தத் தட்டில் ஏறி நின்று, "இன்னொரு தடவைப்பா," என்பாள். ஏற்றுவான், இறக்குவான், திரும்ப ஏற்றுவான். ஒன்பது வருடத்தில் நடக்காதது அந்தச் சந்தில் ஐந்து மாதத்தில் நடந்தது. நான் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு, வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் திரும்பி வருவேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வருவேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் குடைக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "உங்க தம்பி ஃபைல்ல எல்லாம் சரியா இருக்கும்மா. ஒரே ஒரு காகிதம்தான்..."

"சார், அதை என்கிட்ட சொல்லாதீங்க. அவனை யாரோ ஒருத்தன் மாதிரியே நடத்துங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரிம்மா," என்று டிபன் பாக்ஸை மூடினார். அவர் என்னை மெச்சிக்கொண்டார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அவர் பரிதாபப்பட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

அந்த வாரமே தம்பி கவுண்டருக்கு வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுவது என் மேஜைக்குக் கேட்காது. குடைக்காரர் ஏதோ கேட்டார். தம்பி அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். கூட்டத்தில் கையை விட்டுவிட்ட சின்னப் பிள்ளை தேடுவதுபோலப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து, கையில் இருந்த யாருடைய விண்ணப்பத்திலோ ஒரு சிவப்பு வட்டம் போட்டேன். அதில் எந்தக் குறையும் இல்லை. நிமிர்ந்தபோது அவன் போயிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். நான் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். கண் மட்டும் பீரோ மேலேயே இருந்தது. கடைசியில், "அக்கா, அந்தக் கட்டு கொஞ்சம் வேணும்," என்றான்.

இரண்டு நாள் முன்னால்தான் அவன் மனைவி, பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது, திரும்ப வரச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். அந்தக் கட்டில் என்ன இருக்கிறது? ஒன்பது வருட வேலைச் சான்றிதழ்கள். அவை இல்லாமல் அவன் எந்தக் கம்பெனிக்கும் போக முடியாது. இவன் மனம் தளர்ந்துவிட்டான், கிளம்பப் பார்க்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"எதுக்குன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன? தர மாட்டேன்."

"அக்கா, அது இல்லன்னா..."

"இல்லன்னா இல்ல. அது என் பீரோவுல இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. இதுக்கு மேல கேக்காதே."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், கோபம் வரவில்லை. "சரிக்கா. நீ சொன்னா சரி," என்று எழுந்தான். குடித்த தம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

"புடிச்சு நிறுத்திட்டேன்," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எதுக்குக் கேக்கறான்னு அவனையே கேட்டியா?"

"கேக்கணுமா? என் தம்பியை எனக்குத் தெரியாதா?"

"மூணு தடவை வரிசையில நின்னவன் சொல்றேன். எல்லாத்துக்கும் அத்தாட்சி கேக்கறவ நீ. இதுக்கு மட்டும் கேக்கலையேன்னு பாத்தேன்."

உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்தேன்.

நூற்றெண்பது நாள் முடிந்தது. நூற்றெண்பத்தொன்றாம் நாள் உத்தரவு அறிவிப்புப் பலகைக்கு வந்தது. ஊரில் உள்ள எல்லோரையும் போல நானும் பலகை முன்னால் நின்றுதான் படித்தேன். 'வெளிநாட்டுப் பதிவு ரத்துச் சான்றிதழின் அசல் தாக்கல் செய்யப்படவில்லை. அது தொலைந்துவிட்டதாக விண்ணப்பதாரர் எழுதிக் கொடுத்துள்ளார். மாற்றுச் சான்றிதழ் பெற நேரில் வர வேண்டும் என அந்நாட்டு அலுவலகம் தெரிவித்துள்ளது. வாகனத்தை உடைக்க உத்தரவிடப்படுகிறது.'

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டேன். "இருக்கிற காகிதத்துலயே முக்கியமான காகிதம் அது. அதைப் போய்த் தொலைச்சுட்டு நிக்கறியே, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?"

"ஆமாக்கா. என் தப்புதான்," என்றான்.

வேனை உடைக்கும் இடத்துக்கு அவனே கூடப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் கையில் இருந்தது மகளின் பென்சில் டப்பா மட்டும்தான். பின் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம்.

பத்து நாள் கழித்து அவன் மனைவி வந்தாள். பழைய கம்பெனிக்கே போகிறார், டிக்கெட் போட்டாயிற்று, வேலைச் சான்றிதழ்களை வாங்கி வரச் சொன்னார் என்றாள். இனி ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? கட்டை எடுத்தேன். ரப்பர் பேண்ட் நைந்து, தொட்டதும் அறுந்தது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுத்தேன். அடியில் அந்தப் பழுப்பு உறை. பிரித்தேன்.

வெளிர்பச்சைத் தாள், ஓரத்தில் புடைத்த முத்திரை. இருபத்து மூன்று வருடமாக என் மேஜைக்கு வருகிற தாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சொல்லிவிடுவேன். படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் படித்தேன், கடைசி வரி வரை. வண்டியின் சேசிஸ் நம்பர், ரத்தான தேதி, அதிகாரியின் கையெழுத்து. எதிலும் ஒரு குறை இல்லை.

தாளை அவள் பக்கம் திருப்பினேன். "இது எப்படி இங்க..." என்றேன்.

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "உங்ககிட்டதான் இருக்குன்னு அவருக்குத் தெரியும் அண்ணி. அசலை அக்காகிட்ட குடுத்துட்டேன், நேரம் வந்தா அவங்களே எடுத்து ஃபைல்ல சேத்துடுவாங்கன்னுதான் முதல்ல சொன்னார். அப்புறம் கவுண்டர்ல கேட்டப்ப, உங்ககிட்ட வந்து கேட்டார். நீங்க தர மாட்டேன்னு சொல்லிட்டீங்க." சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே, "அக்காவை இதைப் பத்தி எதுவும் கேக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்," என்றாள்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவளோடு கிளம்பினேன். சந்தில் வேன் நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுத்திருந்தது. உள்ளே தம்பி பெட்டிக்குப் பூட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். உறையை அவன் முன்னால் நீட்டினேன்.

"உட்காருக்கா," என்றான். "இதுக்கா இப்படி ஓடி வந்த?"

"டேய், இது அந்தக் கட்டுல இருந்தது எனக்குத் தெரியாதுடா. நீ வேலைக்குத் திரும்பப் போகத்தான் கேக்கறேன்னு நினைச்சேன். உன்னைப் போக விடக் கூடாதுன்னுதான் தரல."

"சரிக்கா."

"நிஜமா சொல்றேன். நான் பிரிச்சே பாக்கல."

அவன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "நீ எந்தக் காகிதத்தையும் படிக்காம உள்ள வச்சதே இல்லக்கா," என்றான். குத்திக்காட்டவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்ததைச் சொன்னான். "எனக்குப் புரியுது. அந்தக் காகிதம் உன் வீட்டுல இருந்து வந்துதுன்னு தெரிஞ்சா உன்னைத்தான் முதல்ல விசாரிப்பாங்க. இத்தனை வருஷமா காப்பாத்துன பேரு. அதான் தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்தேன். எனக்குக் கோபமே இல்ல. மனசுல வச்சுக்காதே."

"நான் சொல்றதை நீ நம்பலையா?"

"நம்பறேன்க்கா. அழாதே."

அழுகிற குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னான். அவன் நம்பவில்லை. நான் செய்யாத ஒரு குற்றத்துக்காக என்னை மன்னித்து வைத்திருந்தான், அதுவும் ஒரு குறையும் வைக்காமல். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, எப்படியாவது உண்மையை அவன் மண்டையில் ஏற்றியிருப்பேன். மன்னித்தவனிடம் எதைச் சொல்லி வாதாடுவது? வாய் வார்த்தை செல்லாது, காகிதம் இருந்தால் காட்டுங்கள் என்று இருபத்து மூன்று வருடமாக எல்லோரிடமும் சொன்னவள் நான். என்னிடம் இதற்குக் காகிதம் இல்லை. என் பெருமை, என் வாய், நான் மூடிய ஜன்னல், எல்லாம் அவன் நினைத்ததற்குத்தான் சாட்சி சொல்லும்.

கிளம்பிய அன்று காலையில் என் வீட்டுக்கு வந்தான், மகளையும் கூட்டிக்கொண்டு. "மேல்தட்டுல இருக்கிற என் காகிதத்தை எல்லாம் குடுத்துடுக்கா. உனக்கு எதுக்குச் சிரமம். இனிமே நானே வச்சுக்கறேன்."

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல், மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் ஒரு காகிதத்தையும் ஒழுங்காக மடிக்கத் தெரியாதவன், அன்று எல்லாவற்றையும் அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். மகள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எப்பப்பா வருவீங்க?" என்று கேட்டாள். அவன் அவள் தலையைத் தடவினான்.

பழுப்பு உறையையும் நீட்டினேன்.

"அது எதுக்குக்கா இனிமே," என்றான். சிரித்தபடிதான் சொன்னான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.

மேல்தட்டில் இப்போது அந்த உறை மட்டும்தான் இருக்கிறது. என்னிடம் கொடுத்த காகிதம் எதுவும் இதுவரை தொலைந்ததில்லை.